மூச்சை அளந்தால் உடல் எரிக்கும் எரிபொருள் எப்படித் தெரிகிறது?

டிரெட்மில்லில் முகமூடி அணிந்து, நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூட்டப்பட்ட ஒரு சோதனையைச் செய்துகொண்ட ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவருடைய அறிக்கையில் ‘அதிகபட்சக் கொழுப்பு எரிப்பு நிமிடத்துக்கு 0.55 கிராம்’ என்று இருக்கிறது. மூச்சுக்காற்றை மட்டும் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தசைக்குள் எரிந்தது கொழுப்பா சர்க்கரையா என்பது எப்படித் தெரிந்தது என்பது முதல் கேள்வி. சோதனையின் கடைசி நிமிடத்தில், வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்த விகிதம் 1.14 என்று காட்டியதற்கு என்ன பொருள் என்பது இரண்டாவது. கொழுப்பு அதிகமாக எரியும் அந்த வேகத்திலேயே எப்போதும் பயிற்சி செய்ய வேண்டுமா என்பது மூன்றாவது.

மூச்சிலிருந்து உறுதியாகத் தெரிவது உடல் செலவிட்ட மொத்த ஆற்றல். அந்த ஆற்றல் எந்த எரிபொருளிலிருந்து வந்தது என்பதும் தெரியும். ஆனால் அது சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட, மிக எளிதில் தடம் புரளக்கூடிய ஒரு கணக்கு. அறிக்கையில் இரண்டும் ஒரே அளவு நம்பகமானவை போல அடுத்தடுத்த வரிகளில் அச்சாகிவிடுவதால்தான் இத்தனை குழப்பமும் வருகிறது.

முதலில் வேதியியல். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அதை முழுமையாக எரிக்க 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. வெளிவருபவை 6 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் 6 நீர் மூலக்கூறுகளும். குளுக்கோஸின் 12 ஹைட்ரஜன் அணுக்களை நீராக்கத் தேவையான 6 ஆக்சிஜன் அணுக்கள் ஏற்கெனவே அதற்குள்ளேயே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஆகவே, வெளியிலிருந்து மூச்சில் வரும் ஆக்சிஜன் அனைத்தும் கார்பனுக்கே சேர்ந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளே சென்ற ஆக்சிஜனின் கொள்ளளவும் வெளியே வந்த கார்பன் டை ஆக்சைடின் கொள்ளளவும் சமம், விகிதம் 1.0. கொழுப்பின் கதை வேறு. பால்மிடிக் அமிலத்தில் 16 கார்பன், 32 ஹைட்ரஜன் அணுக்களுக்கு வெறும் 2 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. அதன் ஹைட்ரஜனை நீராக்கவும் மூச்சிலிருந்துதான் ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டும். அப்படி நீராகிப்போன ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பி வருவதில்லை. 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே போனால் 16 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளே வெளியே வருகின்றன. 16-ஐ 23-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.70. இந்த விகிதத்தைத்தான் பாடநூல்கள் சுவாச ஈவு என்கின்றன. கலப்பாக எரியும்போது விகிதம் 0.70-க்கும் 1.0-க்கும் இடையில் எங்கோ நிற்கும், 0.85 என்றால் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்தும் பாதி மாவுச்சத்திலிருந்தும் வந்திருக்கிறது.

இரண்டு அறியாத எண்களைக் கண்டுபிடிக்க இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று பள்ளிக் கணக்கில் படித்திருப்போம். இங்கே அறியாதவை எரிந்த கொழுப்பின் எடையும் எரிந்த குளுக்கோஸின் எடையும். அளந்தவை ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும். 1983-இல் ஃபிரெய்ன் என்ற ஆய்வாளர் வெளியிட்டு இன்றும் பரவலாகப் பயன்படும் சமன்பாடுகள், புரதத்தை ஒதுக்கிவிட்டால், இவ்வளவுதான்: ஒரு நிமிடத்தில் எரிந்த கொழுப்பு கிராமில் வேண்டுமானால், லிட்டரில் அளந்த ஆக்சிஜனிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழித்து 1.67-ஆல் பெருக்க வேண்டும். குளுக்கோஸுக்கு, கார்பன் டை ஆக்சைடை 4.55-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஆக்சிஜனின் 3.21 மடங்கைக் கழிக்க வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு 2.0 லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டால் கொழுப்பு 0.50 கிராம், குளுக்கோஸ் 1.3 கிராம் என்று வரும். எரிந்தது இரத்தக் குளுக்கோஸ் அல்லாமல் தசையிலிருக்கும் கிளைகோஜன் (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) என்று கொண்டால், பெருக்கும் எண்கள் சற்று மாறும். ஆகவே ஒரே அளவீட்டுக்கு இரண்டு மென்பொருள்கள் சிறிது வேறுபட்ட கிராம் கணக்கைத் தருவது பிழையன்று.

இந்த இரண்டு வாயுக்களையும் அளக்கும் வேலை வெளியிலிருந்து பார்ப்பதற்குத்தான் எளிது. 1911-இல் டக்ளஸ் என்ற உடலியலாளர் அறிமுகப்படுத்திய பையில், வெளிவிடும் மூச்சு முழுவதையும் சேகரித்து, பிறகு கொள்ளளவை அளந்து, வாயுக்களைப் பகுத்துப் பார்ப்பார்கள். இன்றைய கருவிகள் முகமூடியிலுள்ள காற்றோட்ட உணரியையும் இரண்டு வாயு உணரிகளையும் கொண்டு ஒவ்வொரு மூச்சாகக் கணக்கிடுகின்றன. அடிப்படை மட்டும் மாறவில்லை. உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம், வெளிவிடும் காற்றில் எவ்வளவு என்பதை உணரி சொல்கிறது. ஆனால் உள்ளே போன காற்றின் கொள்ளளவும் வெளியே வந்ததன் கொள்ளளவும் சமமாக இருப்பதில்லை, ஏனென்றால் விகிதம் 1-க்குக் கீழே இருக்கும்வரை, எடுத்துக்கொண்ட ஆக்சிஜனை விடத் திருப்பித் தந்த கார்பன் டை ஆக்சைடு குறைவு. இதைச் சரிசெய்ய ஓர் அழகான உத்தி இருக்கிறது. உடல் நைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்துவதும் இல்லை, உண்டாக்குவதும் இல்லை. ஆகவே வெளியே வந்த நைட்ரஜனின் அளவிலிருந்து உள்ளே போன காற்றின் அளவைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். வெளிவிடும் மூச்சு உடல் வெப்பத்தில் நீராவி நிறைந்து வருவதால், அதை 0 டிகிரி செல்சியஸில் உலர்ந்த வாயுவாக மாற்றிக் கணக்கிடுவதும் கட்டாயம். அந்த மாற்றத்தில் மட்டுமே கொள்ளளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

நுண்மை எங்கே தேவைப்படுகிறது என்பதை ஓர் எண்ணிக்கையால் காட்டுகிறேன். ஒருவர் நிமிடத்துக்கு 50 லிட்டர் (உலர்ந்த) காற்றை வெளிவிடுகிறார். அதில் ஆக்சிஜன் 17.00 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 3.44 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரஜன் கணக்கின்படி அவர் உள்ளிழுத்தது 50.33 லிட்டர், எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் 2.03 லிட்டர், வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு 1.71 லிட்டர், விகிதம் 0.84, கொழுப்பு 0.55 கிராம். இப்போது கார்பன் டை ஆக்சைடு உணரி மட்டும் சற்றே வழுவி, 3.44-க்குப் பதிலாக 3.54 என்று காட்டுவதாகக் கொள்வோம். பத்தில் ஒரு சதவீதப் புள்ளிதான் பிழை. விகிதம் 0.87 ஆகிவிடுகிறது, கொழுப்பு 0.44 கிராமாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரிகிறது. குளுக்கோஸ் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடித் தெரிகிறது. ஆக்சிஜன் அளவோ ஒரு சதவீதம்கூட மாறவில்லை. காரணம், கொழுப்பு என்பது ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்திலிருந்து பிறக்கிறது. பெரிய எண்ணில் நேரும் சிறு பிழை வித்தியாசத்தில் பெரும் பிழையாகி நிற்கும். மொத்த ஆற்றல் அப்படியன்று. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குக் கொழுப்பு தருவது ஏறத்தாழ 4.69 கிலோ கலோரி, மாவுச்சத்து தருவது 5.05 கிலோ கலோரி. இடைவெளி எட்டு சதவீதத்துக்கும் குறைவு. எரிபொருள் கலவையை முற்றிலும் தவறாக ஊகித்தாலும் கலோரிக் கணக்கு பெரிதாகக் கெட்டுப்போகாது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், செறிவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவியை அளவுதிருத்தம் செய்தார்களா என்று கேட்பது ஆகவே அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. முகமூடி மூக்கின் ஓரத்தில் கசிந்திருந்தாலும் கிராம் கணக்கில் அது தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுவாச ஈவு என்பது உயிரணுவுக்குள் நடப்பது. நாம் அளப்பதோ வாயில். வாயில் அளந்ததைச் சுவாசப் பரிமாற்ற விகிதம் என்று வேறு பெயரால் அழைப்பதற்குக் காரணம் உண்டு. உடலில் ஆக்சிஜன் இருப்பு மிகக் குறைவு. ஒன்றரை லிட்டர் அளவுதான் இருக்கும். ஆகவே வாயில் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் திசுக்களின் செலவை வெகு விரைவில் எட்டிப்பிடித்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. இரத்தத்திலும் திசுக்களிலும், பெரும்பாலும் பைகார்பனேட் (அமிலத்தை மட்டுப்படுத்தும் ஒரு சேர்மம்) வடிவில், அது பல மடங்கு சேமிப்பில் இருக்கிறது. சேமிப்பு நிலையாக இருக்கும்வரை வாயில் வருவதும் திசுவில் உண்டாவதும் ஒன்றே. சேமிப்பு ஏறினாலோ இறங்கினாலோ விகிதம் பொய் சொல்லத் தொடங்கும்.

கடும் உழைப்பில் நடப்பது அதுதான். தசையில் சர்க்கரை வேகமாகச் சிதையும்போது உண்டாகும் லாக்டேட்டும், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளும் இரத்தத்தில் சேரும்போது, பைகார்பனேட் அந்த அமிலத்தை எதிர்கொண்டு தானே கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் பிரிகிறது. ஒரு மில்லிமோல் அமிலம் நடுநிலையாக்கப்படும்போது ஏறக்குறைய 22 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளிவரும். எந்த எரிபொருளும் எரிந்ததால் வந்த வாயு அல்ல இது. அதோடு, அமிலத்தன்மை மூச்சை மேலும் தூண்டுவதால் சேமிப்பிலிருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியே அடித்துச் செல்லப்படுகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 1.14. கொழுப்பும் மாவுச்சத்தும் எந்த விகிதத்தில் கலந்து எரிந்தாலும் 1.0-ஐத் தாண்ட வேதியியல் இடம் தராது. (உண்ட மாவுச்சத்தை உடல் கொழுப்பாக மாற்றும்போது விகிதம் 1.0-ஐத் தாண்டக்கூடும், ஆனால் டிரெட்மில்லில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பவர் அந்த வேலையில் இருக்கமாட்டார்.)

இந்த நிலையில் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆக்சிஜன் 3.0 லிட்டர், கார்பன் டை ஆக்சைடு 3.42 லிட்டர் என்று வைத்தால், கொழுப்பு நிமிடத்துக்கு மைனஸ் 0.70 கிராம் என்று வருகிறது! குளுக்கோஸ் கிட்டத்தட்ட 6 கிராம், அதாவது 22 கிலோ கலோரி. ஆனால் 3 லிட்டர் ஆக்சிஜனால் அதிகபட்சம் 15 கிலோ கலோரிக்குச் சற்று மேல்தான் கிடைக்க முடியும். மென்பொருள் மைனஸ் எண்ணை மறைத்துப் பூஜ்யம் என்று அச்சிடுகிறது; ‘கொழுப்பு 0, மாவுச்சத்து 100 சதவீதம்’ என்ற வரி அப்படித்தான் பிறக்கிறது. அந்த வேகத்தில் கொழுப்பு எரிவது வெகுவாகக் குறைந்துவிடும் என்பது உண்மை. அறவே நின்றுவிட்டது என்று சொல்ல இந்த அளவீட்டுக்கு அதிகாரம் இல்லை. 1.14 என்ற எண்ணை, நீங்கள் உங்கள் எல்லைவரை உழைத்தீர்கள் என்பதற்குச் சான்றாகப் படிக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் 1.10-ஐத் தாண்டுவதை முழு முயற்சியின் அடையாளங்களுள் ஒன்றாகவே கொள்கிறார்கள்.

வேறு வகைகளிலும் ஏமாற்றம் உண்டு. முகமூடி மாட்டியவுடன் பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுபவருக்கு, நின்ற நிலையிலேயே விகிதம் 1-ஐத் தாண்டும். அவர் சர்க்கரையை எரிப்பதாக அதற்குப் பொருளில்லை, சேமிப்பைக் கரைக்கிறார் அவ்வளவே. ஓட்டத்தை நிறுத்திய உடனே விகிதம் இன்னும் ஏறும், அதன் பிறகு காலியான பைகார்பனேட் சேமிப்பு மீண்டும் நிரம்பும்போது ஓய்வு நிலைக்கும் கீழே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து ‘பயிற்சிக்குப் பின் கொழுப்பு கொழுந்துவிட்டு எரிகிறது’ என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். உணவு உண்ணாத மீட்சிக் காலத்தில் கொழுப்பின் பங்கு கூடுவது உண்மைதான். ஆனால் முதல் சில பத்து நிமிடங்களின் மூச்சைக் கொண்டு அதை அளக்க முனைவது, நிரம்பிக்கொண்டிருக்கும் தொட்டியின் குழாயடியில் நின்று வீட்டின் தண்ணீர்ச் செலவைக் கணக்கிடுவது போன்றது.

ஆக, எரிபொருள் கணக்கு செல்லுபடியாக உழைப்பு நிலைத்திருக்க வேண்டும். ஒரே வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கடைசி ஒன்றிரண்டு நிமிடங்களின் சராசரியை எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தைக் கூட்டும் சோதனை, அதிகபட்ச ஆக்சிஜன் திறனை (உடல் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனை) அறிய மிகப் பொருத்தமானது. கொழுப்பின் உச்சத்தைக் கண்டறியச் சற்றுப் பொருந்தாதது. உங்கள் 0.55 கிராம் என்ற எண்ணின் மீது எனக்குள்ள முதல் ஐயம் இதுதான். எந்த அளவு கடும் உழைப்புவரை நம்பலாம் என்பதையும் சோதித்திருக்கிறார்கள்: அடையாளமிட்ட கார்பன் அணுக்களைப் பின்தொடரும் ஐசோடோப்பு முறையோடு ஒப்பிட்டு 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்றவர்களிடம் அதிகபட்ச ஆக்சிஜன் திறனின் 80 முதல் 85 சதவீதம்வரை இரண்டும் ஒத்துப்போயின. பயிற்சி இல்லாதவர்களுக்கு லாக்டேட் முன்னதாகவே ஏறத் தொடங்குவதால், அந்த எல்லையும் கீழே இறங்கிவிடும் என்று கொள்வதே பாதுகாப்பு. ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். லாக்டேட் உண்டாவதால் மட்டும் கணக்கு கெடுவதில்லை. ஒரு தசையில் உண்டான லாக்டேட் இன்னொரு தசையில் முழுமையாக எரிந்தால் அது மாவுச்சத்தாகவே கணக்கில் சேர்ந்துவிடும். இரத்தத்தில் அதன் செறிவு ஏறிக்கொண்டே இருக்கும்போதுதான் சிக்கல்.

புரதத்தை ஒதுக்கிவிட்டோமே என்று கேட்கலாம். அதன் ஈவு 0.8-ஐ ஒட்டியது, எரிந்த புரதத்தின் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவாகச் சிறுநீரில் போகிறது, ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 6.25 கிராம் புரதம் என்பது வழக்கமான கணக்கு. தசை உழைப்புக்குப் புரதமே எரிபொருள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1865-இல் ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இரண்டு அறிவியலாளர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறி, தங்கள் சிறுநீரின் நைட்ரஜனை அளந்து, எரிந்த புரதத்தின் ஆற்றல் மலையேறியதற்குப் போதவே போதாது என்று காட்டினார்கள். வழக்கமான பயிற்சியில் அதன் பங்கு சில சதவீதம் மட்டுமே என்பதால் விட்டுவிடுவதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். சதவீதத்தையும் கிராமையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதே காரணம். ஒரே ஆள் வேகமாக நடக்கும்போது ஆக்சிஜன் 1.2 லிட்டர், விகிதம் 0.80, ஓடும்போது ஆக்சிஜன் 2.4 லிட்டர், விகிதம் 0.90 என்று கொள்வோம். நடையில் ஆற்றலின் 65 சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிறது, ஓட்டத்தில் 32 சதவீதம் மட்டும். ஆனால் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: இரண்டிலும் எரியும் கொழுப்பு நிமிடத்துக்கு அதே 0.40 கிராம்தான். ஓட்டத்தில் அதன்மேல் மாவுச்சத்தும் கூடுதலாக எரிந்து, மொத்த ஆற்றல் இரு மடங்காகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ கிராம் கணக்கின் உச்சம் இருக்கும். பலருக்கு அது அதிகபட்ச ஆக்சிஜன் திறனின் 45 முதல் 65 சதவீதத்துக்குள் அமைகிறது. அந்த உச்சியும் ஊசிமுனை போலக் கூர்மையானதன்று, மேட்டுநிலம் போலப் பரந்தது. ஆகவே ‘நிமிடத்துக்கு 128 இதயத்துடிப்பு’ என்று ஒற்றை எண்ணைக் குறித்துத் தருவதில் இருக்கும் துல்லியம் அச்சின் துல்லியமே தவிர அளவீட்டின் துல்லியமன்று.

தவிர, அந்த உச்சம் உங்களுடைய நிலையான குணமும் அல்ல. சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மாவுச்சத்து உண்டிருந்தால் இன்சுலின் உயர்ந்து, கொழுப்பு அமிலங்கள் இரத்தத்துக்கு வருவது தடைப்பட்டு, விகிதம் மேலே நிற்கும். இரவு முழுதும் உண்ணாமல் காலையில் செய்தால் கீழே இறங்கும். 1920-இல் குரோக், லிண்ட்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் உணவை மாற்றி மாற்றிக் கொடுத்து மிதிவண்டி உழைப்பில் இந்த விகிதத்தை அளந்தார்கள். 1939-இல் கிறிஸ்டென்சன், ஹான்சன் என்ற ஆய்வாளர்கள், மாவுச்சத்து நிறைந்த உணவு உண்டவர்கள், கொழுப்பு நிறைந்த உணவு உண்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் தாக்குப்பிடித்ததைக் காட்டினார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சற்றுக் கூடுதல் ஆற்றலையும், அதைவிட முக்கியமாக, விரைவாகவும் தருகிற எரிபொருளை உடல் கடும் உழைப்பில் நாடுவது இயல்பே. பயிற்சி கூடக் கூட அதே வேகத்தில் விகிதம் இறங்குவதும், மணிக்கணக்கில் ஓடும்போது மெல்ல மெல்ல இறங்குவதும் உண்டு. ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்து ஒப்பிட விரும்பினால், முந்தைய நாள் உணவும், சோதனை நேரமும், வேகப் படிகளும், கருவியும் அதேதாக இருக்கட்டும். இல்லையேல் மாறியது நீங்களா உங்கள் இரவு உணவா என்று சொல்ல முடியாது.

எரிந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் மூச்சுக்குத் தெரியாது. தோலடிக் கொழுப்பும், தசை இழைகளுக்குள்ளேயே இருக்கும் கொழுப்புத் துளிகளும் ஒரே 0.70-ஐத்தான் தருகின்றன, கல்லீரல் குளுக்கோஸும் தசைக் கிளைகோஜனும் ஒரே 1.0-ஐத்தான். இவற்றைப் பிரித்தறிய, அடையாளமிட்ட ஐசோடோப்புகளை இரத்தத்தில் செலுத்திப் பின்தொடர வேண்டும். 1993-இல் ரோமைனும் குழுவினரும் அப்படிச் செய்து, மிதமான வேகத்தில் எரியும் கொழுப்பில் தசைக்குள்ளிருக்கும் கொழுப்புக்குக் கணிசமான பங்கு உண்டு என்று காட்டினார்கள். கார்பன்-13 கலந்த சர்க்கரைப் பானத்தைக் கொடுத்து, மூச்சில் வரும் கார்பன்-13-ஐ அளப்பது இன்னொரு வழி. குடித்த குளுக்கோஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராமுக்கு மேல் எரிவதில்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இனி உங்கள் 0.55 கிராமுக்கே திரும்புவோம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 33 கிராம். உடல் கொழுப்பு குறைவதைத் தீர்மானிப்பது அந்த ஒரு மணி நேரத்தின் விகிதமன்று. நாள் முழுவதும் உண்டதற்கும் செலவிட்டதற்கும் உள்ள வித்தியாசம். பயிற்சியில் அதிகம் மாவுச்சத்தை எரித்தவர், மீதி நேரத்தில் உணவு கூட்டப்படாதவரை, அதிகம் கொழுப்பை எரித்து அதை ஈடுகட்டிக்கொள்கிறார். ஆகவே எடை குறைவதற்காக அந்த வேகத்திலேயே கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. நீண்ட தூரம் ஓடுபவருக்கோ மணிக்கணக்கில் மிதிவண்டி ஓட்டுபவருக்கோ அந்த எண் வேறு வகையில் பயன்படும்: எந்த வேகத்தில் கிளைகோஜன் எவ்வளவு விரைவாகத் தீரும் என்பதை அது ஏறத்தாழச் சொல்லிவிடும். அந்தத் தேவைக்காகச் செய்வதானால், மூன்று முதல் ஐந்து நிமிடப் படிகளாக, உண்ணாத வயிற்றோடு ஒரு முறையும், போட்டி நாளில் உண்பதை உண்டு ஒரு முறையும் சோதனையை மீண்டும் செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் விகிதம் 1.0-ஐ நெருங்கிய படிகளுக்குப் பிறகு வரும் கிராம் கணக்குகளைப் பேனாவால் அடித்துவிடலாம்.